தாளை விற்கட்டும், நகலைக் கொடுத்துவிட்டு

மகாத்மா காந்தி எழுதியதையும் பேசியதையும் திரட்டி இந்திய அரசு ஆங்கிலத்தில் நூறு தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. அதில் எந்தக் கடிதத்தைப் புரட்டினாலும் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். மூலத்தின் ஒளிநகலிலிருந்து எடுத்தது என்று ஒரு கடிதத்தின் கீழே, யாரோ பார்த்தெழுதி வைத்த பிரதியிலிருந்து எடுத்தது என்று இன்னொன்றின் கீழே. பலவற்றில் ‘ஜி.என்.’, ‘எஸ்.என்.’ என்ற எழுத்துகளோடு ஓர் எண். சிலவற்றில், கடிதத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து நகலெடுக்கக் கொடுத்தவரின் பெயரும் அவருக்கு நன்றியும். படிப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் வரி அது. தலைவர்களின் கடிதங்கள் ஏலத்துக்கு வரும்போதெல்லாம் நம் நாட்டில் எழுகிற சச்சரவுக்கு விடை அந்த வரியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். காந்தியின் கை பட்ட தாள் எந்த நாட்டில், எவர் வீட்டுப் பெட்டியில் கிடந்தாலும், அதன் நகல் ஒன்று பொது இடத்துக்கு வந்து சேர்ந்தது. அதனால்தான் அந்தக் கடிதத்தை இன்று யார் வேண்டுமானாலும் படிக்க முடிகிறது.

சச்சரவு எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2007 ஜூலையில் லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஒரு சேகரிப்பாளரின் கடிதத் தொகுப்பை ஏலத்துக்கு வைத்தது. அதில் காந்தி தாம் கொல்லப்படுவதற்கு 19 நாட்களுக்கு முன், முஸ்லிம்களிடம் சகிப்புத்தன்மை காட்ட வேண்டும் என்று வலியுறுத்தி ‘ஹரிஜன்’ இதழுக்காக எழுதிய கையெழுத்துப் படியும் இருந்தது. 9,000 முதல் 12,000 பவுண்டு வரை போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். இந்தியாவில் எதிர்ப்பு கிளம்ப, ஏலத்துக்கு முந்தின நாள் அது விலக்கிக்கொள்ளப்பட்டு, தனிப்பட்ட ஏற்பாட்டில் இந்திய அரசிடம் வந்தது. 2009 மார்ச்சில் நியூயார்க்கில் காந்தியின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, பைக்கடிகாரம், கிண்ணம், தட்டு ஆகியவை ஏலத்துக்கு வந்தன. மதிப்பீடு சில பத்தாயிரம் டாலர்தான். அரசின் கண்டனம், நீதிமன்றத் தடை, நாளேடுகளின் முதல் பக்கம் என்று விஷயம் பெரிதாகி, கடைசியில் 18 லட்சம் டாலருக்குத் தொழிலதிபர் விஜய் மல்லையா எடுத்தார். 2012 ஜூலையில் சாதபீஸ் நிறுவனம் காந்தியின் தென்னாப்பிரிக்க நண்பர் ஹெர்மன் காலன்பாக்கின் ஆவணத் தொகுப்பை 5 லட்சம் முதல் 7 லட்சம் பவுண்டு வரை மதிப்பிட்டு அறிவித்தது. ஏல நாளுக்கு முன்பே இந்திய அரசு பேசி முடித்து மொத்தமாக வாங்கிவிட்டது.

ஒவ்வொரு முறையும் இரண்டு குரல்கள் கேட்கும். விற்பனையையே தடுத்து நிறுத்து என்பது ஒன்று. என்ன விலையானாலும் அரசு வாங்கிவிட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையான அன்பிலிருந்து வருபவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டுமே தாளைப் பற்றி மட்டும் கவலைப்படுகின்றன. ஒரு தலைவரின் கடிதம் கைமாறுவதற்கு முன், அதன் இரு பக்கமும் உறையும் சேர்ந்த முழுமையான நகல் ஒன்று பொது ஆவணக் காப்பகத்தில் சேர்ந்தாக வேண்டும் என்பதுதான் நாம் கேட்க வேண்டியது. அதன் பிறகு தாள் யாரிடம் போனாலும் வரலாற்றுக்குப் பெரிய நட்டமில்லை. நகல் இல்லாமல் போனால், நம் நாட்டுக்குள்ளேயே ஒரு பெட்டகத்தில் பூட்டிக் கிடந்தாலும் அது தொலைந்த கடிதம்தான்.

கடிதம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குச் சட்டம் நெடுநாளாகவே இரட்டை விடை வைத்திருக்கிறது. 1741ல் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப், தம் கடிதங்களை அனுமதியின்றி அச்சிட்ட எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளர் மேல் வழக்குத் தொடுத்தார். கடிதத்தைப் பெற்றவருக்குத் தாள் சொந்தம், அதிலுள்ள வாசகத்தை வெளியிடும் உரிமை அவரைச் சேராது என்று தீர்ப்பாயிற்று. அந்தப் பிரிவினை இன்றுவரை நிற்கிறது. ஏலத்தில் கடிதம் எடுப்பவர் மையும் தாளும் வாங்குகிறார், வாசகத்தை வாங்குவதில்லை. காந்தி தம் எழுத்தின் உரிமையை நவஜீவன் அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார். அவர் வாழ்நாளில் வெளியானவற்றின் பதிப்புரிமை, மறைந்து 60 ஆண்டு என்ற கணக்கில், 2008 இறுதியோடு முடிந்தது. மறைவுக்குப் பிறகு முதன்முதலாக அச்சேறியவற்றுக்குச் சட்டத்தில் வேறு கணக்கு உண்டு. எந்தக் கணக்கானாலும் தாளை வாங்கியவர் அந்த உரிமைக்குள் வருவதில்லை. இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்த பிறகும், தாள் கையில் இருப்பவர் அதை யார் கண்ணிலும் காட்டாமல் வைத்தால், வாசகத்தின் உரிமை வெறும் ஏட்டுச் சுரைக்காய். நகலைக் கட்டாயமாக்குவது அவர் சொத்தைப் பறிப்பதாகாது. அவருக்கு எது சொந்தமில்லையோ அதைத்தான் பொதுவில் வைக்கச் சொல்கிறோம்.

விற்பதே அவமதிப்பு என்பவர்கள் காந்தியிடமே கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம். தம் கையெழுத்துக்கு அவர் விலை வைத்தவர். கையெழுத்து வேட்டைக்காரர்கள் மொய்த்தபோது ஹரிஜன நிதிக்கு ஐந்து ரூபாய் கொடுத்தால்தான் போடுவேன் என்றார். ஹரிஜன நிதிக்காக ஊர் ஊராகச் சுற்றியபோது, பொதுக்கூட்டத்தில் தமக்கு அளிக்கப்பட்ட வரவேற்புப் பத்திரங்களையும் பரிசுப் பொருள்களையும் அதே மேடையில் ஏலம் விட்டுப் பணமாக்கினார். ஐந்து ரூபாய் நிதிக்குப் போயிற்று, இன்றைய லட்சங்கள் விற்பவர் பைக்குப் போகின்றன. வேறுபாடு பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் தம் கை பட்ட பொருளுக்கு ஒரு புனிதம் ஒட்டியிருக்கிறது, அதைக் காசுக்குக் கொடுக்கவே கூடாது என்ற எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. பயன்படுத்திய தாளின் முதுகிலும், கிழித்துப் பிரித்த உறையின் உட்புறத்திலும் எழுதியவர் அவர். தாளைச் சிக்கனமாக நடத்தினார். சொல்லைத்தான் சேர வேண்டிய இடத்தில் சேர்க்கப் பாடுபட்டார்.

விற்பனைக் காசுக்கு இன்னொரு முகமும் உண்டு. கடிதத்துக்கு விலை உண்டு என்று தெரிந்த வீட்டில் அது பழைய பேப்பர் கடைக்குப் போகாது. தாத்தா மறைந்து, வீட்டை இடிக்கும் நாளில் பரணிலிருந்து இறங்கும் தகரப் பெட்டியை ஒருவர் திறந்து பார்க்கிறார் என்றால், அதற்குப் பாசம் ஒரு காரணம், விலை ஒரு காரணம். சேகரிப்பாளர்கள் என்ற ஒரு வகையினர் இல்லாதிருந்தால் எத்தனையோ கடிதங்கள் கரையானுக்கு இரையாகியிருக்கும்.

தடை என்ற வழியை நம் சட்டம் ஏற்கெனவே எடுத்துப் பார்த்திருக்கிறது. 1972ன் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படி 75 ஆண்டு கடந்தால் தொல்பொருள். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. காந்தியின் கடைசிக் கடிதங்கள் 1948 ஜனவரியைச் சேர்ந்தவை. ஆகவே 2023 ஜனவரி முடிந்ததும் அவர் எழுதிய ஒவ்வொரு கடிதமும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. நல்ல சட்டம், வேண்டிய சட்டம். ஆனால் லண்டனிலும் நியூயார்க்கிலும் ஏலத்துக்கு வருபவற்றில் பல நம் நாட்டை விட்டுப் போனவையே அல்ல. காந்தி 1893 முதல் 1914 வரை பெரும்பகுதி வாழ்ந்தது தென்னாப்பிரிக்காவில். அங்கிருந்த நண்பர்களுக்கும், பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த அன்பர்களுக்கும் அவரே அஞ்சல் தலை ஒட்டி அனுப்பியவை அவை. பெற்றவரின் பிள்ளைகள் அதை விற்பதை நம் சட்டம் எப்படித் தடுக்கும்? தென்னாப்பிரிக்கச் சட்டமோ பிரிட்டிஷ் சட்டமோ நமக்காக எதற்குத் தடுக்க வேண்டும்?

வாங்குவதும் எப்போதும் தவறல்ல. காலன்பாக் தொகுப்பை அரசு வாங்கியது சரியான செயல் என்றே நினைக்கிறேன், அதற்கான காரணத்தை மட்டும் சரியாகச் சொல்ல வேண்டும். காலன்பாக் ஜெர்மானிய யூதர், ஜோகன்னஸ்பர்க்கில் கட்டடக் கலைஞர், காந்தியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர். 1910ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், லாலி ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த தம் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்கு வாடகையில்லாமல் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. சிறை சென்றவர்களின் மனைவி மக்களாக அங்கே வந்து தங்கியவர்களில் தமிழர் நிறையப் பேர். அங்கிருந்த பிள்ளைகளுக்குக் காந்தி தமக்குத் தெரிந்த அளவு தமிழ்கூடக் கற்றுக்கொடுத்தார். காந்தியும் காலன்பாக்கும் எழுதிக்கொள்ளும்போது காந்தி ‘மேல்சபை’, காலன்பாக் ‘கீழ்சபை’ என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். 1911 ஜூலையில் காலன்பாக் ஐரோப்பா புறப்பட்டபோது, அங்கே அவர் என்னென்ன செய்யக் கூடாது என்று இரண்டு ‘சபை’களுக்கும் இடையே ஓர் ஒப்பந்தமே எழுதிக் கையெழுத்திட்டார்கள். 1914ல் காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியபோது கூடவே இந்தியா வர விரும்பினார் காலன்பாக். முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மானியர் என்பதால் பிரிட்டிஷ் அரசு அனுமதிக்கவில்லை, காவலில் வைத்தது. 1937ல்தான் மறுபடி இருவரும் நேரில் சந்திக்க முடிந்தது.

இந்த நட்பைப் பற்றி இவ்வளவு நாம் அறிந்தது 2012 விற்பனையால் அல்ல. காந்தி காலன்பாக்குக்கு எழுதிய கடிதங்களில் பெரும் பகுதி அதற்கு முன்பே நகலாகக் கிடைத்து, நூறு தொகுதிகளின் பிற்சேர்க்கையான 96ஆம் தொகுதியில் அச்சாகியிருந்தது. விலைக்கு வந்த தொகுப்பில் புதிதாக இருந்தவை அச்சேறாதவை: காந்தியின் மகன்களும் உறவினர்களும் நண்பர்களும் காலன்பாக்குக்கு எழுதியவை, பண்ணைக் காலத்துத் தாள்கள், படங்கள். அவற்றுக்காகவே அந்தப் பணம் தகும். மொத்தமாக வாங்கியதால் தொகுப்பு சிதறவும் இல்லை. ஒரு கடிதப் போக்குவரத்தை உருவி, நல்ல வாசகம் உள்ளதை ஒருவருக்கும் மற்றதை இன்னொருவருக்குமாக விற்பதுதான் வணிகத்தின் வழக்கமான போக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைவிடக் கொடுமை நடந்தது: கடிதத்தின் அடியிலிருந்து கையெழுத்தை மட்டும் கத்தரித்தெடுத்து ஆல்பத்தில் ஒட்டி, வாசகத்தைக் குப்பையில் போட்டார்கள். ஆகவே அச்சேறாத பெரும் தொகுப்பு சிதறும் நிலை வந்தால் அரசு வாங்கட்டும். வாசகம் ஏற்கெனவே பொதுவில் இருக்கும் ஒற்றைக் கடிதத்துக்காக ஏலக் கூடத்தில் நாடே பதறினால், அடுத்த கடிதத்தின் மதிப்பீட்டில் ஒரு சுழி கூடும். 2009ல் மூக்குக்கண்ணாடிக்கு நடந்தது அதுதான்.

அந்த நூறு தொகுதிகள் எப்படி உருவாயின என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வேலை 1956ல் தொடங்கியது. முதல் தலைமைப் பதிப்பாசிரியர் பாரதன் குமரப்பா, நம் ஜே.சி. குமரப்பாவின் சகோதரர், அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார். 1960 முதல் கால் நூற்றாண்டு அந்தப் பொறுப்பைச் சுமந்தவர் புதுக்கோட்டையில் பிறந்த கே. சுவாமிநாதன்; சென்னையில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர், ரமணரின் அடியார். முதல் தொகுதி 1958ல், நூறாவது 1994ல். எதிரே குஜராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலுமாகக் குவிந்த தாள்கள். எழுதியவரோ தம் கையெழுத்து மோசமென்று ‘சத்திய சோதனை’யிலேயே வருந்தியவர். அவர் அனுப்பிய கடிதங்கள் அவரிடம் இல்லை, உலகம் முழுக்கப் பெற்றவர்களிடம் இருந்தன. யாரிடமும் தாளைப் பிடுங்கவில்லை. காட்டுங்கள், நகலெடுத்துத் திருப்பித் தருகிறோம் என்று கேட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்தார்கள். 90 தொகுதிகள் காலவரிசையில் வந்து முடிந்த பிறகும் புதிய கடிதங்கள் வந்துகொண்டே இருந்ததால் பிற்சேர்க்கையாக ஏழு தொகுதிகள் போட வேண்டியதாயிற்று. பின்னால் வெளியான திருத்திய பதிப்பில் பல பதிவுகள் விடுபட்டிருப்பதை ஆய்வாளர்கள் பழைய பதிப்போடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். 2005ல் அரசு அந்தத் திருத்திய பதிப்பைத் திரும்பப் பெற்றது. பொடி எழுத்து வரிகளும் எண்களும் இல்லாதிருந்தால் எது விடுபட்டது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

நகலைக் கொடுத்துவிட்டால் மூலத்தின் விலை விழுந்துவிடும் என்பது விற்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு. சந்தை அப்படிச் சொல்லவில்லை. 1939 ஆகஸ்டில் ஐன்ஸ்டைன், அணுகுண்டு செய்ய முடியும் என்று எச்சரித்து அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதம் உலகமே அறிந்தது. நீண்டது, சுருக்கமானது என இரண்டு வடிவம் தயாராகி இரண்டிலும் அவர் கையெழுத்திட்டார். அதிபருக்குப் போன நீண்ட கடிதம் நியூயார்க் மாநிலத்து ஹைட் பார்க்கில் உள்ள ரூஸ்வெல்ட் நூலகத்தில் இருக்கிறது. அனுப்பாமல் நின்ற சுருக்கமான வடிவம் 2002ல் சுமார் 21 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அதே தாள் 2024ல் 39 லட்சம் டாலரைத் தொட்டது. அடிமைக் குழந்தைகளை விடுவிக்கக் கோரிப் பள்ளிப் பிள்ளைகள் அனுப்பிய மனுவுக்கு 1864ல் லிங்கன் எழுதிய பதில், நெடுங்காலமாகப் புத்தகங்களில் அச்சான ஒன்று. 2008ல் 34 லட்சம் டாலருக்கு விற்றது. எல்லோரும் படித்த கடிதத்தின் மூலத்தைத்தான் எல்லோரும் விரும்புகிறார்கள். யாரும் கேள்விப்படாத தாளுக்கு ஏங்குபவர் குறைவு.

நகல் பொதுவில் இருப்பதால் வாங்குபவருக்கும் ஒரு காப்பு கிடைக்கிறது. 1983 ஏப்ரலில் ஜெர்மனியின் ‘ஸ்டெர்ன்’ இதழ், 90 லட்சம் மார்க்குக்கு மேல் கொடுத்து வாங்கிய ஹிட்லரின் நாட்குறிப்புகளை உலகத்துக்கு அறிவித்தது. கையெழுத்து வல்லுநர்கள் முன்பே பார்த்து ‘அசல்’ என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் எல்லாம் போலி என்று நிறுவியது. தாளில் கலந்திருந்த வெண்மையூட்டும் ரசாயனம் ஹிட்லர் செத்த பிறகு புழக்கத்துக்கு வந்தது. வல்லுநர்கள் எப்படி ஏமாந்தார்கள்? ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்குக் கிடைத்த ‘மாதிரிக் கையெழுத்து’களிலும் அதே போலிக்காரர் கொன்ராட் கூயாவ் எழுதியவை கலந்திருந்தன. நம்பத்தக்க பொதுத் தொகுப்போடு ஒப்பிடாத எந்தச் சான்றிதழும் இப்படித்தான் முடியும்.

காந்தி விஷயத்தில் ஒப்பிடுவது இன்னும் சிக்கலானது. தமிழில் நாம் ‘கையெழுத்து’ என்ற ஒரே சொல்லால் எழுதும் கையையும் அடியில் இடும் ஒப்பத்தையும் சொல்லிவிடுகிறோம். கடித வணிகத்தில் இவை இரண்டும் வேறு விலை. முழுவதும் தன் கையாலேயே எழுதி ஒப்பமிட்டது மேல். செயலாளர் எழுத அல்லது தட்டச்சு செய்ய, தலைவர் ஒப்பம் மட்டும் இட்டது அடுத்த படி. செயலாளர்கள் மகாதேவ் தேசாயும் பியாரிலாலும் எழுத, அடியில் ‘பாபு’ என்று மட்டும் காந்தி இட்ட கடிதங்கள் ஏராளம். அவரே எழுதியவற்றிலும் இரண்டு கை உண்டு: 1909ல் கப்பலில் ‘இந்திய சுயராஜ்யம்’ எழுதியபோது வலக்கை ஓய்ந்ததும் இடக்கைக்கு மாறினார், பிற்காலத்திலும் அந்தப் பழக்கம் இருந்தது. இடக்கை எழுத்தை வலக்கை எழுத்தோடு ஒப்பிட்டால் அசல்கூடப் போலியாகத் தெரியும். குஜராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒப்பமிட்டார், தமிழர்களுக்காகத் தமிழ் எழுத்திலும் இட்டிருக்கிறார். மௌனம் காத்த திங்கட்கிழமைகளில் துண்டுத் தாளில் எழுதிக் காட்டிய குறிப்புகளில் ஒப்பமே இருக்காது. இத்தனை வகைக்கும் நாள் குறித்த நகல் வரிசை ஒன்று பொதுவில் இருந்தால்தான் நாளை வரும் தாளை உரசிப் பார்க்கக் கல் கிடைக்கும்.

மூலம் தொலைந்தும் நகலால் பிழைத்த கடிதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1864 நவம்பரில், உள்நாட்டுப் போரில் ஐந்து மகன்களைப் பறிகொடுத்ததாகக் கருதப்பட்ட பாஸ்டன் நகரத்துத் தாய் திருமதி பிக்ஸ்பிக்கு லிங்கன் பெயரில் ஓர் ஆறுதல் கடிதம் போயிற்று. ஆங்கிலத்தின் மிகச் சிறந்த கடிதங்களில் ஒன்றாக அதைக் கொண்டாடுகிறார்கள். மூலம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. நவம்பர் 25 அன்று ஒரு பாஸ்டன் நாளேடு முழு வாசகத்தையும் அச்சிட்டுவிட்டதால் மட்டுமே அது நம்மிடம் இருக்கிறது. பிற்காலத்தில் நினைவுப் பொருளாக விற்ற அச்சு உருவப் படிகளை மூலமென்று நம்பி இன்றும் ஏல நிறுவனங்களுக்கு எடுத்துச் செல்கிறார்கள். எழுதியது லிங்கனா, அவர் செயலாளர் ஜான் ஹேயா என்ற வழக்கும் ஓயவில்லை. சமீபத்தில் மொழியியலாளர்கள் சொற்கோவைகளைக் கணினியில் எண்ணிப் பார்த்து ஹே பக்கம் சாய்ந்தார்கள். தாளே இல்லாமல் இந்த ஆராய்ச்சி நடக்கிறது.

விலை விழும் என்பதைவிடக் கனமான மறுப்பு அந்தரங்கம் பற்றியது. கடிதம் இருவருக்கு இடையே நடந்தது, அதை ஊருக்குக் காட்டுவது முறையா? இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஆனால் அந்தரங்கம் ஏல அறிவிப்பு வந்த அன்றே போய்விட்டது. நிறுவனம் தன் விற்பனை ஏட்டில் எடுப்பான நாலு வரியை அச்சிடும், நாளேடுகள் அதை இன்னும் எடுப்பாக்கும், முழுக் கடிதத்தை வாங்கியவர் பூட்டி வைப்பார். 2014ல் மூத்த மகன் ஹரிலாலுக்குக் காந்தி 1935ல் குஜராத்தியில் எழுதிய கடிதங்கள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தபோது, ஆங்கில மொழிபெயர்ப்பின் ஒரு வாக்கியத்தை வைத்து உலகம் முழுக்கச் செய்தி பரவியது. மொழிபெயர்ப்பே தவறு என்று குடும்பத்தினர் மறுத்தார்கள். காலன்பாக் கடிதங்களைப் பற்றியும் 2011ல் அப்படித்தான்: ஒரு புத்தகத்துக்கு வந்த மதிப்புரைகளின் நாலு வரியைப் பார்த்துப் புயல் எழுந்து, குஜராத்தில் அந்தப் புத்தகமே தடை செய்யப்பட்டது. அப்போது பதறாமல் வாதிட முடிந்தவர்கள், முழுக் கடிதங்களும் அச்சில் இருந்ததால் அவற்றை எடுத்துப் படித்தவர்கள்தான். துண்டு வரி செய்யும் தீங்குக்கு மருந்து முழு வாசகம்.

அந்தரங்கத்துக்கு நியாயமான இடம் விட்டே இதைச் செய்ய முடியும் என்பதற்கு பிரிட்டனில் நடைமுறை இருக்கிறது. அங்கே 50 ஆண்டு கடந்த கையெழுத்து ஆவணத்தை நாட்டைவிட்டு வெளியே விற்க உரிமம் வேண்டும். உரிமம் தரும்போது பல வகை ஆவணங்களுக்கு, முழு நகலைப் பிரிட்டிஷ் நூலகத்தில் சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்கள். உரிமையாளர் விரும்பினால் ஏழு ஆண்டு அந்த நகலை யாருக்கும் காட்டமாட்டார்கள். அதன் பிறகு ஆய்வாளர் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். தாள் கடல் கடந்து போகிறது, வாசகம் நிற்கிறது. லண்டனின் கடித வணிகம் இதனால் படுத்துவிடவில்லை. நம் 1972ன் சட்டத்தில் வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது, உள்ளே கைமாறும்போது நகல் சேர்க்கச் சொல்லும் விதி இல்லை. தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் கேட்கும் அதே சட்டத்தில், தலைவர்களின் கடிதத்தை விற்கும் எவரும் விற்பனைக்கு முன் தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ மாநில ஆவணக் காப்பகத்துக்கோ முழு நகல் ஒன்று தர வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்ப்பது எளிது. வெளிநாட்டு ஏலங்களில் நம் தூதரகம் விலையைப் பேசுவதற்கு முன் நகலைக் கேட்கட்டும். வெளிநாட்டு விற்பனையாளரைக் கட்டாயப்படுத்த நமக்கு அதிகாரம் இல்லை, உண்மை. ஆனால் தாளைக் கொடு என்று கேட்டால் முடியாது என்பவருக்கும், நகலைக் கேட்டால் தருவதற்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. அசல் என்பதற்கு அது அவருக்கே சான்றாகிறது.

நகல் போதுமென்றால் மூலம் எதற்கு என்று கேட்கலாம். மூலம் வேண்டும். எந்தச் சொல்லை அடித்து எந்தச் சொல்லை மேலே எழுதினார், எந்த இடத்தில் பென்சில் மழுங்கியது, தாளின் முதுகில் ஒளிவிட்டுத் தெரியும் பழைய அச்சு எது, இவற்றில் சில நகலில் தங்காது. எரவாடா சிறையிலிருந்து போன கடிதத்தில் சிறை அதிகாரியின் குறி எந்த நிறத்தில் இருந்தது என்பதுகூட ஒருநாள் யாருக்காவது தேவைப்படும். அதனால்தான் காப்பகங்கள் மூலங்களைத் தேடுகின்றன. சபர்மதி ஆசிரமம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களைப் பேணி, 2013 முதல் இணையத்தில் யாரும் படிக்கும்படி வைத்து வருகிறது. மூலத்தை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. மூலம் கிடைக்காத ஆயிரம் இடங்களில் நகலாவது கிடைக்க வழி செய்யுங்கள் என்கிறேன்.

காந்திக்கு இந்தப் பணி ஓரளவு நடந்துவிட்டது. ராஜாஜிக்கும் பெரியாருக்கும் காமராஜருக்கும் அண்ணாவுக்கும் அவ்வளவு நடக்கவில்லை. அவர்கள் எழுதிய அஞ்சலட்டைகள் திருச்சியிலும் விருதுநகரிலும் காஞ்சிபுரத்திலும் பினாங்கிலும் கொழும்பிலும் குடும்பப் பெட்டிகளில் இருக்கும். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். அதற்கு முன் சில காரியங்களைச் செய்யுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் தாளைத் தின்றுவிடும். தபால்தலைக்காக உறையைக் கத்தரிக்காதீர்கள், நாள் போடாத கடிதத்துக்கு அதன் மேலுள்ள அஞ்சல் முத்திரைதான் நாள். இரு பக்கத்தையும் உறையையும் நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்து, கடிதம் யாருக்கு வந்தது, எந்தச் சந்தர்ப்பத்தில் வந்தது, உங்கள் கைக்கு எப்படிச் சேர்ந்தது என்று வேறொரு தாளில் எழுதுங்கள். அந்தப் படத்தையும் குறிப்பையும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கோ, தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ கொண்டுபோய், பெற்றுக்கொள்ளும்படி கேளுங்கள். விவரம் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேளுங்கள்.